ருசேன் வரைந்த முகங்கள், எழுதாத பெயர்கள்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் வனிலா விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும் ஒருவர் சுவரில் நின்றுகொண்டு நம்மைப் பார்ப்பார். கறுப்பின இளைஞர், கோட்டு போட்டிருப்பார், கையில் வனிலாக் கொடி. பள்ளிப் பாடநூல், சுற்றுலாக் கையேடு, தபால் அட்டை எல்லாவற்றிலும் அவர்தான். பெயர் எத்மோன் அல்பியுஸ். 1829இல் சேந்த்-சுசான் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். மெக்சிகோவிலிருந்து வந்த வனிலாக் கொடி இங்கே பூத்ததே தவிரக் காய்க்கவில்லை, ஏனென்றால் அதன் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி இந்தத் தீவில் இல்லை. 1841இல், 12 வயதில், எத்மோன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பூவுக்குள் ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய திரையை ஒரு சிறு குச்சியால் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை லேசாக அழுத்தினார். உலகம் முழுக்க இன்றும் வனிலாத் தோட்டங்களில் நடப்பது இதே வேலைதான்.

அவர் கதையைச் சொல்லிக்கொண்டே போகலாம். 1848இல் விடுதலை, அப்புறம் ஒரு திருட்டு வழக்கு, சிறைத் தண்டனை, வனிலாவைக் காரணம் காட்டி அதில் கொஞ்சம் குறைப்பு, 1880இல் வறுமையில் மரணம். தீவுக்குப் பணம் கொட்டியது, அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் எழுத வந்தது எத்மோனைப் பற்றி அல்ல. அந்தப் படத்தை 1863இல் வரைந்தவரைப் பற்றி.

ஆந்துவான் ருசேன். 1819இல் தெற்கு பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தவர், 1842இல் படைவீரராக இந்தத் தீவுக்கு வந்தார். படையை விட்ட பிறகும் ஊர் திரும்பவில்லை. 1894இல் தீவின் தலைநகரான சேன்-தெனியிலேயே இறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தீவைச் சலிக்காமல் வரைந்தவர் அவர். மலை, அருவி, துறைமுகம், தேவாலயம், சர்க்கரை ஆலை, பழம், மீன், பிரமுகர், கூலிக்காரர் எதையும் விடவில்லை. ஓவியர், கல்லச்சுக்காரர், ஒளிப்படக்காரர், பதிப்பாளர் என்று எல்லா வேலையும் பார்த்தார். சின்ன ஊரில் கலையை வைத்துப் பிழைப்பவருக்கு வேறு வழியும் இருந்திருக்காது.

அவரோடு இங்கே வேலை செய்த இன்னொருவர் மார்சியால் பொத்தேமோன். அவர் பாரிசுக்குத் திரும்பிப் போய், இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த பழைய பாரிசை முந்நூறு செப்புத்தகட்டுப் படங்களில் பதிவு செய்து அங்கே பெயர் வாங்கினார். ருசேன் போகவில்லை. அதனால் பிரான்சின் கலை வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம் கிடையாது. எங்கள் தீவின் வரலாற்றிலோ அவரை விட்டுவிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பார்க்கவே முடியாது.

அவர் வெளியிட்டவற்றில் இரண்டு தொகுப்புகள் முக்கியம். 1840களின் கடைசியில் வந்தது 'போர்போன் தீவின் நினைவுகள்'. அப்புறம் வந்தது பல பாகங்களாக விரிந்த 'ரீயூனியன் தீவு ஆல்பம்'. இந்த இரண்டு தலைப்புக்கும் நடுவில்தான் தீவின் பெயரே மாறியது. போர்போன் என்பது மன்னர் குடும்பத்தின் பெயர், 1848 புரட்சியில் அது போனது. அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி அடிமை முறை ஒழிந்ததாக இங்கே அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரம் பேர் விடுதலையானார்கள். அவர்கள் விட்டுப்போன கரும்புக்காட்டை வெட்டத்தான் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். 1828இலேயே சிறு தொடக்கம் நடந்திருந்தாலும், பெருங்கூட்டம் வந்தது 1848க்குப் பிறகுதான். 1882இல் ஆங்கிலேயர் தடுத்து நிறுத்தும் முன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். ஆக, ருசேன் பென்சிலும் கையுமாகச் சுற்றிய அந்த ஐம்பதாண்டும் நம்மவர்கள் இங்கே குடியேறிய ஐம்பதாண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சேன்-தெனி தெருவில் அவருக்கு எதிரே நடந்து போனவர்களில் எத்தனையோ பேர் காரைக்கால் வழியாக வந்த தமிழர்கள்.

கல்லச்சு என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவர் செய்தது எவ்வளவு சிரமம் என்று புரியாது. பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் வெட்டி எடுக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல்தான் இதற்கு உகந்தது. மணல் போட்டுத் தேய்த்து அதை வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் கொழுப்பு கலந்த கட்டியால் படம் வரைய வேண்டும். பிறகு கருவேலம்பிசினையும் துளி நைட்ரிக் அமிலத்தையும் கலந்து தடவுவார்கள். வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால், கோடு போட்ட இடத்தில் மட்டும் மை ஏறும். தாளை வைத்து அழுத்தினால் படம். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே விஷயத்தை வைத்து செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் 1790களில் கண்டுபிடித்த முறை இது.

இதில் இரண்டு வில்லங்கம். ஒன்று, கல்லில் நேரடியாக வரைந்தால் தாளில் இடம் வலமாகத் திரும்பிவிடும். வலது கன்னத்து மச்சம் வேண்டுமென்றால் கல்லில் இடது பக்கம் வைக்க வேண்டும், தலைப்பு எழுத்தையும் இடவலமாகத் திருப்பி எழுதிப் பழக வேண்டும். இன்னொன்று, அழிப்பது கஷ்டம். நிலக்காட்சியில் ஒரு கிளை கோணலாகப் போனால் யாருக்கும் தெரியாது. முகத்தில் உதட்டோரம் ஒரு கோடு தடித்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். அதனால் கல்லில் உருவப்படம் செய்பவர்கள் மென்மையாக, புள்ளி புள்ளியாக, பொறுமையாக நிழலை ஏற்றிக்கொண்டே வருவார்கள். சரிந்தால் மீட்க முடியாது என்ற பயம் கையில் இருந்துகொண்டே இருக்கும்.

எத்மோனின் படத்தில் அந்தப் பொறுமை தெரிகிறது. அச்சில் கறுப்புத் தோலை வரைவது அந்தக் காலத்து ஐரோப்பியப் படக்காரர்களுக்குப் பெரும்பாலும் வரவே வராது. முகத்தை ஒரே மையாக அப்பிவிட்டு, கண்ணையும் பல்லையும் மட்டும் வெள்ளையாக விட்டுவிடுவார்கள். ருசேன் அப்படிச் செய்யவில்லை. நெற்றி, கன்னம், மூக்கு மூன்றிலும் வெளிச்சம் தனித்தனியாக விழுகிறது. இது ஒருவரை எதிரே நிறுத்திவைத்துப் பார்த்து வரைந்த முகம் என்று எனக்குப் படுகிறது. கீழே பெயரும் இருக்கிறது. முன்னாள் அடிமை ஒருவரைப் பெயரோடு, தனி ஆளாக, ஏதோ சாதித்தவராக 1863இல் அச்சிட்டு விற்றிருக்கிறார். அதற்காக அவரை மதிக்க வேண்டும்.

இந்த ஆல்பத்தை யார் வாங்கினார்கள்? தவணை தவணையாக, உள்ளூர் எழுத்தாளர்களின் கட்டுரைகளோடு வந்த வெளியீடு அது. சந்தா கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள். தங்கள் ஊரின் பெருமையைத் தாங்களே வரவேற்பறையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். ஆகவே அதில் ஆளுநர்கள் இருப்பார்கள், தீவில் பிறந்த கவிஞர்கள் இருப்பார்கள், இறந்து நூறாண்டு ஆனவர்களும் பழைய படங்களைப் பார்த்து வரையப்பட்டு இருப்பார்கள். எல்லோருக்கும் கீழே பெயர், பட்டம், சில சமயம் கையெழுத்துகூட.

அதே ஆல்பம் மரபில் இன்னொரு வகைப் படங்களும் உண்டு. ஆப்பிரிக்கர், மலகாசியர் (மடகாஸ்கர்க்காரர்), சீனர், இந்தியர் என்று இன வாரியாக. தலைப்பாகை, தோளில் ஒரு துணி, காதில் வளையம், கையில் ஏதாவது ஒரு சாமான். கீழே எழுதியிருப்பது இனத்தின் பெயர் மட்டும். அங்கேதான் நமக்கும் ருசேனுக்கும் வழக்கு.

அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: துணியை நன்றாகப் பார்த்திருக்கிறார், ஆளைப் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பில் பிழை சொல்ல முடியாது. தலைப்பாகை எப்படிச் சுற்றியிருக்கிறது என்பதைப் பார்த்து இன்றைக்கும் அதேபோலச் சுற்றிவிடலாம். முகம் மட்டும் யாருடையதாகவும் இருக்கலாம். எத்மோனுக்குக் கொடுத்த வெளிச்சத்தில் பாதி இங்கே இல்லை. அதே கை, அதே கல், அதே மை. வாங்குபவருக்கு எத்மோன் யார் என்று தெரிய வேண்டியிருந்தது, இந்த மனிதர் யார் என்று தெரிய வேண்டியிருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கோபப்படுவது சுலபம். ஆனால் இதையே ஊரில் நம்மவர்களும் செய்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் கம்பெனி காலத்து ஓவியர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகச் சாதி வாரியாக, தொழில் வாரியாகக் கணவன் மனைவி ஜோடிகளை வரைந்து கொடுத்தார்கள். குயவனும் குயத்தியும், நெசவாளியும் அவன் மனைவியும் என்று வரிசையாக. திருச்சியில் அதையே அபிரக (மைக்கா) தகட்டில் வரைந்து கட்டுக் கட்டாக விற்றார்கள். வரைந்தவர் தமிழர், வரையப்பட்டவரும் தமிழர், பெயர் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. வரைந்தவர் பெயர்கூடப் பல தொகுப்புகளில் கிடையாது. பணம் கொடுப்பவருக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் தூரிகை பார்க்கும். ருசேனை மட்டும் கூண்டில் ஏற்றினால் அது நியாயமாகாது. ஆனாலும் தஞ்சாவூர் ஓவியருக்கு இல்லாத ஒரு வசதி ருசேனுக்கு இருந்தது. படத்தை வரைபவரும் அவரே, வெளியிடுபவரும் அவரே. பெயரைக் கேட்டு எழுத அவர் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பெயர் எழுதப்படவே இல்லையா என்றால், எழுதப்பட்டது. வேறு இடத்தில். கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எண் போட்டுப் பதிந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, வந்த கப்பல், யாரிடம் வேலை என்று இருக்கும். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ராமசாமி, வீரப்பிள்ளை, முத்துசாமி எல்லாம் விசித்திரமான எழுத்துக்கூட்டலில் நிற்பார்கள். அந்த எழுத்துக்கூட்டலே இன்று இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குடும்பப் பெயர். அதே காலத்தில் சேன்-தெனிக்கும் பொசேசியோனுக்கும் நடுவே கடலோரம் கிராந்த் ஷலூப்பில் கட்டிய லசரே என்ற தனிமைப்படுத்தும் நிலையத்தில், கப்பலில் வந்தவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க அடைத்துவைத்தார்கள். இன்று அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம்.

ஆக, பதிவேட்டில் பெயர் உண்டு, முகம் இல்லை. ருசேனிடம் முகம் உண்டு, பெயர் இல்லை. இந்த இரண்டையும் ஒட்டவைக்க எந்த வழியும் கிடையாது. பக்கத்துத் தீவான மொரீஷியசில் அப்படியில்லை. அங்கே 1860களில் தொடங்கி வந்தவர்களை ஒளிப்படம் எடுத்தார்கள். எடுத்தது அன்பினால் அல்ல, தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்கத்தான். அந்தப் படங்களும் பதிவேடுகளும் இன்று மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கண்காணிக்க எடுத்த படம் கொள்ளுப்பேரனுக்குச் சொத்தாகிவிட்டது. எங்கள் தீவிலிருந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் இது உண்மையிலேயே பிரச்சினையாக வந்தது. அவர் மல்பார் குடும்பம். இங்கே தமிழ் வழிவந்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். தமிழ் பேச வராது, தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான க்ரெயோல்தான். ஆனால் தீமிதிக்குப் பதினெட்டு நாள் விரதம் இருப்பார், பாண்டியலே, அதாவது திரௌபதி அம்மன், கதை மனப்பாடம். சம்ப்ளானிக்கு, அதாவது முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் நாளுக்கு, இறந்தவர்களின் ஒளிப்படங்களை வரிசையாக வைப்பார். தாத்தா வரைக்கும் படம் இருக்கிறது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. பதிவேட்டிலிருந்து எடுத்த கொள்ளுத்தாத்தாவின் எண்ணும் பெயரும் எழுதிய ஒரு தாளை மட்டும் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். ஒருநாள் ருசேனின் இந்தியர் படம் ஒன்றைப் பெரிதாக்கி அச்சிட்டு எடுத்துவந்தார். கீழே கொள்ளுத்தாத்தா பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். வரிசையில் வைக்கப் போகிறாராம்.

"அக்கா, இது அவர் இல்லையே. யாரோ ஒருத்தர்" என்றேன்.

"யாரோ ஒருத்தர்தான். அதே மாதிரி ஒரு கப்பல்ல வந்த யாரோ ஒருத்தர். அவருக்கு மட்டும் படைக்க யார் இருக்காங்க?"

நான் விடவில்லை. ஒருவருடைய முகத்துக்கு இன்னொருவர் பெயரை வைப்பது அந்தப் படக்காரர் செய்ததைவிட மோசம் என்றேன். அவர் எழுந்து போய் சாமி அலமாரியில் இருந்த லட்சுமி படத்தைக் காட்டினார். தாமரைமேல் நிற்கும், எல்லா வீட்டிலும் இருக்கும் அந்த ரவிவர்மா லட்சுமி. "இந்த அம்மாவை யார் நேர்ல பார்த்து வரைஞ்சாங்க? யாரோ ஒரு பொண்ணு நின்னிருப்பா. அவ பேரு என்ன? நீங்க தினம் கும்பிடலையா?"

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ரவிவர்மாவும் முதலில் உருவப்படக்காரர்தான். மன்னர்களையும் திவான்களையும் பெயரோடு வரைந்தவர். தெய்வங்களுக்கு மாதிரியாக நின்ற பெண்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே நின்றார்கள். பம்பாய் பக்கம் அவர் தொடங்கிய அச்சகமும் கல்லச்சுதான், பல கற்களில் பல நிறம். அந்த அச்சகம் தொடங்கியது 1894இல், சேன்-தெனியில் ருசேன் கண்மூடிய அதே ஆண்டு. இந்த ஒற்றுமைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஆனால் கல்லில் வரைந்து தாளில் ஒற்றிய படங்கள்தான் ஒரு பக்கம் நம் வீட்டுச் சாமி ஆனதும் இன்னொரு பக்கம் நம்மை 'இந்தியர்' என்று நிறுத்தியதும் என்பதை அக்கா கேட்ட பிறகுதான் சேர்த்து யோசித்தேன்.

கடைசியில் அந்தப் படத்தின் கீழே நான் எதுவும் எழுதித் தரவில்லை. தனியாக ஒரு அட்டையில் கொள்ளுத்தாத்தா பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டு சம்ப்ளானியில் இரண்டும் இருந்தன, அட்டை ஒரு இலைக்கு, படம் பக்கத்து இலைக்கு. இரண்டு இலையிலும் சோறு, கறி, ரம், ஒரு சிகரெட். படத்தில் இருப்பவர் புகைப்பாரா என்று அக்கா மகன் கேட்டதற்கு, யாருக்குத் தெரியும், வை என்றார்.

ருசேனைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தியப் பெருங்கடல் தீவுகளின் பழைய படங்களைத் தீவு நிர்வாகம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதில் இன வாரிப் படங்களை முதலில் தேடாதீர்கள். நிலக்காட்சிகளைத் திறங்கள். தோட்டம், ஆலை, ஆற்றங்கரை, சாலை. பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில், புகைபோக்கிக்குக் கீழே, வண்டிக்குப் பின்னால் சிறு சிறு மனிதர்கள் இருப்பார்கள். யாரும் நின்று காட்டச் சொல்லாதபோது வரையப்பட்டவர்கள். ஒருவர் சுமையை இறக்கிவைக்கிறார், ஒருவர் குனிந்திருக்கிறார், இரண்டு பேர் வேலையை விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகம் வரையும் அளவுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் உடம்பு எப்படி நிற்கிறது, களைப்பு தோளில் எப்படித் தெரிகிறது என்பதை ருசேன் கவனித்திருக்கிறார். விற்பதற்காகக் கவனிக்கவில்லை, கண் தானாகப் போயிருக்கிறது. என்னைக் கேட்டால் அவர் வரைந்த மல்பார் படங்களில் சிறந்தவை இவைதான். தலைப்பில் மட்டும் ஆலையின் பெயர் இருக்கும்.